துண்டுக்கு அடியில் நாலு விரல்

தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது சரக்கைப் பார்த்தாலே விளங்கிவிடும். அவன் நாலு என்று அழுத்துவான், நான் இரண்டு என்று அழுத்துவேன். வாய் பாட்டுக்குப் பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று பேசிக்கொண்டிருக்கும். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியக்கூடாது. இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் பழைய ஆட்களில் நாலைந்து பேர் இன்னும் துண்டை விடவில்லை. நானும் விடவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துண்டுக்கு அடியில் என்னை ஏமாற்றின ஆள் கிடையாது. நாலாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீசை முளைக்கும் முன்னே தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கினவன் நான். இன்று ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற யூனிட் எனக்குச் சொந்தமாக ஓடுகிறது. வெள்ளைக்காரன் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என் காபியைக் குடிக்கிறான். அவன் பேசுவது எனக்குப் புரியாது. அவன் எவ்வளவுக்கு மேல் போகமாட்டான் என்பது புரியும். அது போதும். எம்.பி.ஏ. படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "சம்பாதிக்கத் தெரிஞ்சவனுக்குப் பொண்ணை வளக்கத் தெரியல" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். நடந்தது என்ன என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு பையன்கள் வளர்ந்து வெளியூர் போன பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத வயதில் பிறந்தவள் என் மகள். பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு என்னவோ ஆயிற்று. கூடப் படிக்கிற பெண் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்று இரண்டு வேளை சாப்பிடாமல் கிடப்பாள். காலையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீதாம்மா எனக்கு எல்லாம்" என்பாள். சாயங்காலம் அதே அம்மா மேல் தட்டு பறக்கும். அரை மணி கழித்து, "என்னை விட்டுட்டுப் போய்டுவீங்கல்ல?" என்று கேட்டு அழுவாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒரு நாள் என் மனைவி அந்தக் கையில் மகள் தானே கீறிக்கொண்ட தழும்புகளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

வேலூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பல தடவை பார்த்துப் பேசிய பிறகு வியாதிக்குப் பெயர் சொன்னார்: பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். எனக்கு விளங்கட்டும் என்று, "மனசுக்கு மேல்தோல் இல்லைன்னு வெச்சுக்குங்க. மத்தவங்களுக்குத் தட்டுற மாதிரி இருக்கறது இவங்களுக்கு எரியும்" என்றார். அது எனக்கு விளங்கியது. சுண்ணாம்பில் கை வெந்த நாட்களில் காற்று பட்டாலே எரியும். சோற்றில் கை வைக்க முடியாது. இவள் உள்ளே அப்படி என்றால், பாவம்தான்.

"எத்தனை மாசத்துல சரியாகும்?" என்று கேட்டேன்.

"வருஷக்கணக்குல ஆகும். ஆனா நல்லா ஆகும். நிறைய பேருக்கு ஆகியிருக்கு."

"ஆறு மாசம்னு வெச்சுக்கலாம்."

டாக்டரம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். யார் கேட்டாலும் நரம்பு வீக்னஸ் என்று சொல்ல வேண்டும். காரணம் அவளுடைய தம்பி. லாரி ட்ரான்ஸ்போர்ட் வைத்திருக்கிறான். தன் பையனுக்கு என் மகளைத்தான் கட்டவேண்டும் என்று, அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உரிமை பேசிக்கொண்டிருப்பவன். "பதினெட்டு முடியட்டும் மாமா, அப்புறம் ஒரு நாள் தள்ளமாட்டேன்" என்பான். தோல் ஷாப்பின் நாற்றத்தோடு நான் எத்தனையோ பேர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். பணம் வந்த பிறகு ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் பிள்ளைக்கு மனசில் வியாதி என்றால் தெருவே மூக்கைப் பொத்தும். எங்கள் ஊர் லட்சணம் அது.

மாத்திரையும் கவுன்சிலிங்கும் ஒரு பக்கம் நடந்தது. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: இதே வியாதி உள்ள பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் ஓர் இடத்தில் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள், அனுப்பிப் பாருங்கள் என்று. வேலூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி அறை. நடத்துவது இருபத்தைந்து வயதுப் பெண். அவளுக்கும் பள்ளிக்கூட வயதில் இதே வியாதிதான். மீண்டு வந்து இப்போது வேலைக்குப் போகிறாள். கவுன்சிலர் ஒருவரும் கூட இருப்பார். பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெண்ணை அக்கா என்பார்கள்.

முதல் நாள் மகளோடு நானும் படி ஏறினேன். அந்த அக்கா நடுப்படியிலேயே நிறுத்தினாள்.

"அங்கிள், பேரன்ட்ஸ் கீழ."

"நான் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"இவளோட அப்பா. அதனாலதான் கீழ."

மந்திரி வீட்டு வாசலிலேயே என்னைக் காக்க வைத்ததில்லை. "ரூமு புழுங்குமே, ஏசி வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்டேன். "ஃபேன் போதும் அங்கிள்" என்றாள். ஃபீஸும் இல்லை என்றாள். காசு வாங்காத இடத்தில் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது? இறங்கி வந்தேன்.

கீழே டீக்கடை பெஞ்சில் நம்ம பாய் உட்கார்ந்திருந்தார். பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருப்பவர். முப்பது வருஷமாக எனக்கும் அவருக்கும் துண்டுப் பேச்சு.

"இன்னா பாய், இந்தப் பக்கம்?"

"கண்ணாடி மாத்தணும் முதலாளி. எழுத்தே தெரியல, ஒரே பேஜார். நீங்க?"

"நானும் கண்ணாடிதான்."

அடுத்த சனிக்கிழமையும் அதே பெஞ்ச். "கண்ணாடி ரெடியாவலியா பாய்?" "பிரேம் சரியில்ல. உங்களுது?" "பவர் தப்பாயிடுச்சு." மூன்றாம் வாரம் கடைக்காரரே வெளியே வந்து, "ரெண்டு பெரியவங்களும் வாராவாரம் வர்றீங்க, உள்ளதான் வரமாட்றீங்க" என்றார். அந்த நேரம் பார்த்து மேலே இருந்து பிள்ளைகள் சளசளவென்று இறங்கி வந்தார்கள். என் மகளும் இருந்தாள். பாயுடைய கடைசிப் பையனும் இருந்தான், காலேஜில் முதல் வருஷம். நான் பாயைப் பார்த்தேன். பாய் டீ கிளாஸைப் பார்த்தார்.

"சக்கரை ஜாஸ்தி போட்டுட்டான்" என்றார்.

"ஆமா, ஜாஸ்திதான்" என்றேன்.

அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். பெற்றவர்கள் நாங்கள் கீழே பொய் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் மேலே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் என் மகள் படியில் சிரித்துக்கொண்டு இறங்கினாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்து நாளாகியிருந்தது. மகிழ வேண்டியதுதான். எனக்கு எரிந்தது. சோறு போட்டவன் நான், துணி வாங்கினவன் நான், சிரிப்பு மட்டும் யாரோ நாலு பேருக்கா?

ஒரு சனிக்கிழமை கடைசிப் படியில் அவளும் பாய் மகனும் நின்றார்கள். அவள் துப்பட்டாவை எடுத்து இரண்டு பேர் கை மேலும் போட்டாள். ஒரு நிமிஷம் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவன் தலையாட்டினான். துப்பட்டாவை எடுத்தாள். வேறு யார் பார்த்திருந்தாலும் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பாய்க்கும் எனக்கும் மட்டும் அது என்னவென்று தெரிந்தது.

"முதலாளி," என்றார் பாய் மெதுவாக, "நம்ம பசங்க மண்டி தொறந்துட்டாங்க."

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"சில நாள் அங்க பேச வராதுப்பா. எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு வெக்கமா இருக்கும். சின்ன வயசுல குடோன்ல எனக்கு வெளாட்டு காட்டுவல்ல, துண்டு போட்டு? அதை நான் சொன்னேன். அவனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப எல்லாருமே பண்றோம். ஒண்ணுன்னா சமாளிச்சுக்குவேன்னு அர்த்தம். அஞ்சுன்னா என்னைத் தனியா விடாதீங்கன்னு அர்த்தம்."

என் தொழில் அந்தப் படி ஏறிப் போய்விட்டது. என்னைத்தான் விடவில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றன. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து நடுவில் போட்டுக் கையை நீட்டினேன். "எனக்கும் சொல்லு" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை உள்ளே விட்டு என் விரல்களைப் பிடித்தாள். நாலு. இறுக்கமான நாலு.

என் விரல்கள் தாமாகவே அவள் விரலைப் பிடித்து இரண்டு என்று அழுத்தின.

கையை உருவிக்கொண்டாள். "பேரம் பேசாதப்பா."

"நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே."

"ரெண்டுன்ன. எனக்கு நாலு. அங்க யாரும் திருப்பி அமுக்கமாட்டாங்க. பிடிச்சுக்குவாங்க, அவ்ளோதான்."

ஒருத்தன் சொன்ன நம்பரை அப்படியே வாங்கிக்கொள்கிறவனை மண்டியில் என்னவென்று சொல்வார்கள் என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? வண்டிகள் நகர்ந்தன. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்தத் துப்பட்டாவை இன்னொருத்தனும் பார்த்திருந்தான். என் மச்சான். லாரி விஷயமாக வேலூர் வந்தவன், எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தான்.

"மாமா, சொன்னா கோச்சுக்கக்கூடாது. நரம்பு டாக்டர்கிட்ட போறான்னுதானே அக்கா சொல்லுச்சு? நம்ம பொண்ணு பாய் வூட்டுப் பையன் கையைப் புடிச்சிக்கினு நிக்குது. மேல துப்பட்டாவ வேற போட்டுக்கினு. நடுத்தெருவுல!"

"அது வேற மச்சான்."

"இன்னா வேற? எனக்குக் கண்ணு இல்லியா? போனது போவட்டும். நாளைலேர்ந்து வேலூர் போறது நிக்கட்டும். ஊரு வாயில வுழறதுக்கு முன்னாடி பேச்ச முடிச்சிடலாம். இன்னிக்கும் என் பையனுக்கு அவதான்."

அவன் மனைவி, "எங்க வூட்டுக்கு வந்தா எல்லாம் சரியாப்பூடும் அண்ணா" என்றாள், ஏதோ குட்டிச்சுவரில் கிடந்த பிள்ளைக்கு வாழ்வு கொடுப்பது மாதிரி. என் மனைவி என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டு, முடித்துவிடு என்று அவள் கண் கெஞ்சியது. சமையலறை வாசலில் மகள் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்தால் சனிக்கிழமை நின்றுபோகும். வாயைத் திறந்தால் நரம்பு வீக்னஸ் பொய் போகும், சம்பந்தம் போகும், ஊர் வாய்க்கு வேறு தீனி கிடைக்கும். என் மகள் வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்து பல் விளக்குகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. முடிவு பண்ண எனக்கு அதிக நேரம் பிடிக்காது. பிடித்திருந்தால் நான் இந்த நிலைக்கு வந்திருக்கமாட்டேன்.

"காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. மனசுல வியாதி மச்சான் அவளுக்கு. டாக்டர் பேர் சொல்லியிருக்காங்க. அதே வியாதி இருக்கற பசங்க ஒண்ணா உக்காந்து பேசுதுங்க. பாய் பையனுக்கும் அதேதான். கையைப் புடிச்சா, ஒருத்தருக்கொருத்தர் எவ்ளோ வலிக்குதுன்னு சொல்லிக்குதுங்கன்னு அர்த்தம். சனிக்கிழமை நிக்காது."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். பாதி காபி இருந்தது.

"மனசுலன்னா... பைத்தியமா மாமா?"

"இல்ல."

"இல்ல, கேட்டேன்." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். "பையன் வேற மேல படிக்கணும்ங்கறான். இப்ப கல்யாணப் பேச்சு வேணாம்னு நேத்துக்கூட சொன்னான். இல்லடி?" அவன் மனைவி ஏற்கெனவே செருப்பு போட்டிருந்தாள். தொட்டிலில் ஆரம்பித்த உரிமை, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்தது.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பெண்பிள்ளைக்காகச் சொந்தக்காரன் முன்னால் இப்படி நின்ற அப்பன் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? ஒரு வார்த்தை நல்லதாக வரும் என்று எதிர்பார்த்தேன். ஏன் எதிர்பார்க்கக்கூடாது?

"என்னைப் பத்தி சொன்ன, சரி. எனக்காகத்தான் சொன்ன" என்றாள். "அவனைப் பத்திச் சொல்ல நீ யாருப்பா? அங்க பேசறது அங்கயேதான்னு சத்தியம் பண்ணியிருக்கோம். உன்னை நம்பி நான் சொன்னேன்ல?"

மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

மச்சான் லாரிக்காரன். அவன் காதுக்குப் போனது கிருஷ்ணகிரியிலிருந்து காஞ்சிபுரம் வரை போகும். ஒரு வாரத்தில் பாய் என் யூனிட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"முப்பது வருஷம் துண்டுக்கு அடியில பேசினோம். ஒரு வெலை வெளிய போயிருக்குமா?"

"போனதில்ல பாய்."

"என் புள்ளை பேரு எப்படிப் போச்சு?"

"மச்சான் என் பொண்ணு பேரைக் கெடுக்கப் பாத்தான். நான் வேற இன்னா செய்ய?"

"காப்பாத்திட்டியா அவ பேரை?" முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றார். "எனக்கும் மூணு பொண்ணு கட்டிக் குடுத்திருக்கேன். சம்பந்தி வூட்டுலேர்ந்து போன் மேல போன். பையனை பெங்களூருக்கு அனுப்பிட்டேன், அவன் சாச்சாகிட்ட, என் தம்பி கடைக்கு. நம்ம வியாபாரமும் இன்னியோட போதும்."

போய்விட்டார். பெங்களூரில் அந்தப் பையனுக்கு யார் கை கொடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான் என் மகளுடைய வியாதியின் பெரிய பயம். அவன் சொல்லாமல் போய்விட்டான், போனையும் அவன் அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். இவள் அறையை விட்டு வரவில்லை. சாப்பாடு வாசலிலேயே ஆறிப்போனது. நான் கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், பிறகு கத்தினேன். "ஒரு பையன் ஊருக்குப் போனதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றேன். கதவு திறக்கவில்லை. என் மனைவி டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். மகள் எனக்குச் சொல்லாததை அந்த அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். எழுத்துகூட இல்லை. ஐந்து விரலும் விரிந்த கை, ஒரு படம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அந்த அக்காவும், கூட இரண்டு பெண்களும். ஒருத்தி காவேரிப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். பாவாடை ஓரம் எல்லாம் சேறு. கதவு அவர்களுக்குத் திறந்தது. நானும் பின்னாலேயே படி ஏறினேன்.

அந்த அக்கா திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "அங்கிள், கொஞ்ச நேரம் கீழ."

நான் கட்டின வீடு. நான் தேர்ந்தெடுத்துப் போட்ட கிரானைட் படி. அதில் நான் இறங்கிப் போய்க் கீழே உட்கார்ந்தேன். மேலே முதலில் தணிந்த குரலில் பேச்சு. பிறகு அழுகை. பிறகு யாரோ ஏதோ சொல்ல, ஒரு சிரிப்பு, அழுகையோடு சேர்ந்து. மத்தியானம் நாலு பேரும் இறங்கி வந்து சாப்பிட்டார்கள். டாக்டரம்மாவிடம் அன்றைக்கே கூட்டிப் போகவேண்டும் என்று அந்த அக்கா சொன்னாள். பின்சீட்டில் மூவரும் என் மகளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். நான் வண்டி ஓட்டினேன். அந்த வேலைக்கு என்னை விட்டார்கள்.

இப்போது தேவலை. சனிக்கிழமை நிற்கவில்லை. ஆனால் என் காரில் போவதில்லை, பஸ்ஸில் போகிறாள். பாய் மகனுக்கு போன் திரும்பக் கிடைத்துவிட்டதாம். ஒரு நாற்காலி மேல் போனை நிறுத்தி வைக்கிறார்களாம், அவன் அதில் உட்கார்ந்திருப்பது மாதிரி. இதுவும் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாய் எதிரே வந்தால் ரோட்டைக் கடந்துவிடுகிறார். மச்சான் பையனுக்கு ஆற்காட்டில் பெண் எடுத்தார்கள். பத்திரிகை தபாலில் வந்தது.

அன்று ஹாலில் சொன்னதை இன்றும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இந்நேரம் அந்த லாரிக்காரன் வீட்டில் முழுக்கைச் சட்டையோடு சமைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பாய் நின்றுகொண்டே கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சில் என்னை மடக்கின ஒரே ஆள் அவர்தான், அதுவும் துண்டு இல்லாமல்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகிறேன். அங்கிருந்து வீடு வரைக்கும் காரில் வருவாள், அதற்கு மட்டும் சம்மதம். இரண்டு சீட்டுக்கும் நடுவில் துண்டைப் போட்டு வைத்திருப்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். பல வாரம் துண்டு போட்டபடியே கிடக்கும். அவள் போனைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

சென்ற சனிக்கிழமை வண்டியை எடுக்கும் முன் அவள் கை துண்டுக்குள் வந்தது. நாலு.

என் விரல் துடித்தது. இத்தனை வருஷப் பழக்கம், இரண்டு, இல்லாவிட்டால் மூன்றாவது அழுத்து என்று துடித்தது. அழுத்தவில்லை. வெளியே கண்டக்டர்கள் ஊர் பெயர் சொல்லிக் கத்தினார்கள், பூக்காரி கண்ணாடியைத் தட்டினாள், நான் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் சொன்ன விலைக்கு வாங்கினது அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்துக்கொண்டாள். போனைக் காதில் வைத்தாள்.

"ஊருக்கு வந்துட்டேன்க்கா" என்றாள். "நாலுதான். பரவால்ல, வீட்டுக்குத்தான் போய்ட்டிருக்கேன். போய்ச் சேந்ததும் உங்களுக்குச் சொல்றேன்."

நான் வண்டியை எடுத்தேன்.